கசக்கும் காட்டுக் காளானைச் சாப்பிடலாமா? பினாங்கில் காளான் தேடத் தொடங்குகிறவர்களுக்கு

பினாங்கில் ஏப்ரல், மே மழையும் அப்புறம் செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை பெய்யும் மழையும் காளான் காலம். தாமான் (குடியிருப்புப் பகுதி) புல்வெளி, கோயில் வளாகம், செம்பனைத் தோட்டம், தண்ணீர்மலைக்கு மேலே ஏறும் காட்டுப் பாதை என்று எங்கே பார்த்தாலும் குடை விரித்து நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்களும், கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்து இப்போதுதான் மலையேறத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “நுனியைக் கொஞ்சம் கடிச்சுப் பார்த்தேன், கசக்குது. விஷமா, இல்ல சமைச்சா சரியாயிடுமா?”

கசப்பை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இனம் என்னவென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. தெரியாவிட்டால், கசந்தாலும் சரி, தேனாக இனித்தாலும் சரி, அது சட்டிக்குள் போகக் கூடாது.

நாக்கு ஏன் உதவாது

தமிழ்ச் சமையலில் கசப்புக்கு மரியாதை உண்டு. பாகற்காய், சுண்டை வற்றல், வேப்பம்பூ ரசம் என்று கசந்ததெல்லாம் உடம்புக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இன்னொரு பக்கம், சுரைக்காய் கசந்தால் தூக்கிப் போடு என்பதும் நம் வீட்டுப் பாடம்தான். அது சரியான பாடமும்கூட, ஏனென்றால் அப்படிக் கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கும். இந்த இரண்டு பாடங்களில் எதுவும் காளானுக்குப் பொருந்தாது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தைலோபிலஸ் ஃபெல்லியஸ் என்று ஒரு காளான் இருக்கிறது. கடுமையான கசப்பு, ஒன்றே ஒன்று விழுந்தாலும் முழுச் சட்டியும் வாயில் வைக்க முடியாமல் போகும். ஆனால் ஆளைக் கொல்லும் விஷம் அதில் இல்லை. அதே நாடுகளில் பட்டுப்போன மரக்கட்டைகளில் மஞ்சள் மஞ்சளாகக் கொத்துக் கொத்தாக முளைக்கும் ஹைஃபோலோமா ஃபசிகுலாரேவும் கசக்கும். அது விஷமே. ஆக ஒரே கசப்புக்கு இரண்டு விதமான பதில்.

இதைவிட முக்கியமானது எதிர்ப்பக்கம். உலகில் காளானால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அமனிட்டா ஃபல்லாய்டஸ் என்ற காளான். அதைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் “நல்ல ருசியாக இருந்தது” என்று சொன்னது மருத்துவப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதிலுள்ள அமடாக்சின் நாக்கில் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. ஈரல் உயிரணுக்கள் புரதம் உண்டாக்கும் வேலையையே அது நிறுத்திவிடுகிறது. நடுத்தர அளவுள்ள ஒரு காளான் ஒரு பெரியவரின் உயிரை எடுக்கப் போதும். வேகவைத்தாலும், வறுத்தாலும், காயவைத்தாலும், ஐஸ்பெட்டியில் உறையவைத்தாலும் அந்த விஷம் போகாது. “கசக்கவில்லை, அப்படியானால் பயமில்லை” என்ற எண்ணம் எனக்குக் கசப்பைவிடப் பெரிய கவலை தருவது இதனால்தான்.

கசந்தாலும் சாப்பிடுகிற காளான் ஒன்று

இந்த மண்ணிலேயே கசப்பான காட்டுக் காளான் ஒன்றை ஆசையாகச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் படம் முழுமையாகாது. கிளந்தானிலும் திரங்கானுவிலும் கெலாம் மரங்களுக்கு அடியில் மழைக்குப் பிறகு முளைக்கும் குலாட் கெலாம்தான் அது. சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம். குடைக்கு அடியில் மடிப்புகள் இருக்காது, நுண்துளைகள்தான் இருக்கும். பச்சையாக நல்ல கசப்பு. அங்குள்ள மலாய்க்காரர்கள் அதை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் வேகவைத்துக் கசப்பைக் குறைத்துவிட்டுச் சமைக்கிறார்கள். தென் தாய்லாந்திலும் இதே வழக்கம் உண்டு.

கொதிக்கவைத்ததால் அது பத்திரமான காளானாக மாறிவிடவில்லை. எந்த மரத்தடியில் எப்போது முளைக்கும், பக்கத்தில் அதைப் போலவே எது நிற்கும் என்பதெல்லாம் தலைமுறையாகத் தெரிந்த ஊர்க்காரர்கள் பறிப்பதால்தான் பத்திரம். வேகவைப்பது கசப்பை மட்டும் எடுக்கிறது. “கசப்புக் காளானை மூன்று முறை கொதிக்கவைத்தால் சாப்பிடலாம்” என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த விதி அந்த ஒரு காளானுக்கு, அந்த மரத்தடியில், அந்த ஆட்களின் கையில் மட்டும் செல்லும்.

முதல் படி: வாயில் வைக்காதீர்கள்

காளான் ஆராய்ச்சியாளர்கள் சில இனங்களில் ஒரு துணுக்கை நுனி நாக்கில் மென்று துப்புவார்கள். அந்த வகையில் எந்த இனம் என்று பிரித்தறிய அது ஒரு குறி, அவ்வளவுதான். கொடிய இனங்களை ஏற்கெனவே கண்ணால் விலக்கிவிட்ட பிறகே அவர்கள் அதைச் செய்கிறார்கள். உங்களால் இன்னும் அப்படி விலக்க முடியாது, அதனால் இந்தப் பழக்கமே வேண்டாம்.

கையில் தொடுவதால் விஷம் ஏறாது. தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஏற்கெனவே கடித்துவிட்டீர்களா? துப்புங்கள், வாயைக் கொப்பளியுங்கள், அந்தக் காளானைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விழுங்கியிருந்தால் நேராகக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: வேரோடு எடுத்துப் பாருங்கள்

தண்டை நடுவில் கிள்ளி எடுப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது. ஆனால் மிக முக்கியமான அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு சிறு கத்தியாலோ குச்சியாலோ சுற்றிலும் மண்ணைக் கிளறி முழுதாக எடுங்கள். அடியில் கிழிந்த பை மாதிரி ஓர் உறை இருக்கிறதா? தண்டில் வளையம் இருக்கிறதா? இரண்டும் சேர்ந்து இருந்து, குடைக்கு அடியில் மடிப்புகள் வெள்ளையாகவும் இருந்தால் அது அமனிட்டாவாக இருக்கக்கூடும். மலேசியக் காடுகளில் அமனிட்டா இனங்கள் பல உண்டு. ஆசியாவில் வளரும் அமனிட்டாக்களில் ஆளைக் கொல்லக்கூடியவையும் உண்டு. அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. செம்பனைக் குலைகளை உதிர்த்தபின் குவித்துப் போடும் வெறுங்குலைகளில் முளைக்கும் குலாட் சாவிட்டுக்கும் அடியில் அதே மாதிரி உறை உண்டு. அது நல்ல காளான், பாசாரில் விற்பது, நெல் வைக்கோலில் வளர்ப்பதும் அதுதான். மொட்டாக இருக்கும்போது அதற்கும் விஷ அமனிட்டாவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். நம் பக்கத்து நாடுகளிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க் குடியேறியவர்கள் ஊரில் தின்ற வைக்கோல் காளான் என்று நினைத்து அமனிட்டா ஃபல்லாய்டஸைப் பறித்துச் சமைத்து உயிரிழந்திருக்கிறார்கள். 2011 டிசம்பர் 31 இரவு கான்பராவில் நடந்த ஒரு புத்தாண்டு விருந்துக்குப் பின் 2012 ஜனவரி முதல் நாட்களில் இருவர் இறந்தது இந்த விஷத்தால்தான்.

ஊரில் தெரிந்த காளான் என்பது புது ஊரில் தெரிந்த காளான் ஆகாது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். சிவகங்கையிலோ தேனியிலோ பாட்டியோடு புற்றுக்காளான் பறித்த கை உங்களுடையதாக இருக்கலாம். அந்தக் கண் அந்த மண்ணில் பழகியது.

மூன்றாம் படி: தூளின் நிறத்தைப் பாருங்கள்

காளான் விதைக்குப் பதிலாக நுண்ணிய வித்துத்தூளை உதிர்க்கும். அந்தத் தூளின் நிறம் கண்ணுக்குத் தெரியாத பல வித்தியாசங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். செய்வது எளிது. பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக இருக்கும் ஒரு தாள் எடுங்கள். குடையை மட்டும் அறுத்து, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி தாளின் நடுவில் வையுங்கள். மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் தாளில் படிந்திருக்கும் நிறத்தைப் பாருங்கள்.

பினாங்கில் இந்தச் சோதனையை எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரே ஒரு காளான் காரணம்: குளோரோஃபில்லம் மோலிப்டைட்டஸ். மழைக்கு மறுநாள் அடுக்குமாடிப் புல்தரையிலும் பள்ளித் திடலிலும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று, நடுவில் பழுப்புச் செதில்களோடு வட்டமாக நிற்கும். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. கசக்காது. தின்றால் 1 முதல் 3 மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் பேதியும் பிடித்துக்கொள்ளும். குழந்தைகளையும் வயதானவர்களையும் மருத்துவமனையில் படுக்கவைத்துவிடும். இதன் தூள் மங்கிய பச்சை. முற்றிய காளானில் மடிப்புகளும் பச்சையோடும். ஆனால் இளசாக இருக்கும்போது மடிப்பு வெள்ளையாகவே இருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

இதை நம்மவர்கள் குழப்பிக்கொள்வது புற்றுக்காளானோடு. மலாயில் செண்டாவான் பூசுட். தோட்டப்புறத்தில் வளர்ந்த அம்மாக்களைக் கேட்டால் கண் மின்னச் சொல்வார்கள்: சின்ன வெங்காயம், மிளகு, கொஞ்சம் மஞ்சள், இறைச்சியெல்லாம் கிட்டவே வர முடியாது. அதன் அடையாளங்கள் வேறு. குடையின் நடுவில் கெட்டியான கூர்மையான முனை இருக்கும். தண்டு மண்ணுக்குள் வேர் மாதிரி இறங்கி, கறையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை போகும். தூள் இளஞ்சிவப்பு. புல்தரைக்காரனுக்கோ தண்டில் மேலும் கீழும் நகரக்கூடிய வளையம், பருத்த அடி, பச்சைத் தூள். புற்றுக்குப் பக்கத்தில் முளைத்தது என்பதற்காக மட்டும் எதையும் புற்றுக்காளான் என்று முடிவு செய்யாதீர்கள். புற்றுக்குப் பக்கத்தில் எதுவும் முளைக்கலாம்.

தூள் பச்சையாக இல்லை என்றால் சாப்பிடலாம் என்றும் அர்த்தமில்லை. அமனிட்டாவின் தூள் வெள்ளை. நல்ல சிப்பிக்காளானின் தூளும் ஏறக்குறைய வெள்ளைதான். நிறம் சிலவற்றை விலக்க உதவும், எதற்கும் உத்தரவாதம் தராது.

நான்காம் படி: இந்த மண்ணைத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்

செபராங் பிறையில், நிபோங் திபால் பக்கம், பாலிக் பூலாவில் இன்னும் காளான் பறிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். “அக்கா, இது என்னன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று போய் நின்றால் மறுக்க மாட்டார்கள். முழுக் காளானைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் “தெரியலப்பா” என்று சொன்னால் அதுவே பதில். “இருக்கும், இருக்கும்” என்று இழுத்தால் அதுவும் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவம் முழுக்க அவர்கள் பின்னால் நடந்து, ஒரே ஒரு காளானை நன்றாகக் கற்றுக்கொண்டால் போதும். புதிதாக வந்தவர்கள் முதல் வருடம் பறித்த எதையும் சாப்பிடாமல் இருப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கைப்பேசிச் செயலிகள் பெயர் தெரிந்துகொள்ள நல்லவை. சாப்பிடலாமா என்று அவற்றிடம் கேட்காதீர்கள். ஒரு படத்தில் மண்ணுக்கடியில் இருக்கும் உறை தெரியாது, வாசனை தெரியாது, தூளும் தெரியாது.

இடத்தையும் கவனியுங்கள். தாவரவியல் பூங்காவிலும் வனக் காப்புப் பகுதியிலும் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவிலும் எதையும் பறிக்கக் கூடாது, படம் எடுத்துக்கொள்ளலாம். சாலையோரத்திலும் களைக்கொல்லி தெளிக்கும் தோட்டத்திலும் முளைப்பதை, நல்ல இனமாகவே இருந்தாலும் விட்டுவிடுங்கள். மண்ணிலுள்ள உலோகங்களைக் காளான் தன்னுள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

வீட்டுச் சோதனைகள்

வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், அரிசி சிவந்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் மனிதனும் தின்னலாம், மஞ்சள் தண்ணீரில் அலசினால் விஷம் முறியும். இவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. மனிதனைக் கொல்லும் அமனிட்டாவை நத்தை நன்றாகத் தின்னும். நம் பெரியவர்கள் பிழைத்தது பூண்டால் அல்ல, காளானைப் பார்த்ததும் பெயர் சொல்லத் தெரிந்ததால்.

மரத்தில் முளைக்கும் கசப்புக் காளான்

லிங்ஸி என்ற மருந்துக் காளானைப் பற்றிக் கேட்பவர்களும் நிறைய. அது கசக்கத்தான் செய்யும். அதிலுள்ள ட்ரைடர்பீன் பொருட்களின் கசப்பு அது. மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருப்பதால் யாரும் கறி வைப்பதில்லை, கஷாயமாகவோ தூளாகவோதான் எடுத்துக்கொள்கிறார்கள். செம்பனை மரத்தின் அடியை அழுகவைக்கும் கானோடெர்மா போனினென்ஸும் இதே பேரினம்தான். அதனால் மரத்தில் தட்டுத் தட்டாக ஒட்டியிருப்பதையெல்லாம் லிங்ஸி என்று பெயர்த்து வந்து கொதிக்கவைக்காதீர்கள். வேண்டும் என்றால் மலேசிய மருந்துப் பதிவைக் காட்டும் எம்.ஏ.எல் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கடையில் வாங்கிய சிப்பிக்காளான் கசந்து, கெட்ட வாடையும் அடித்தால் பழசாகிவிட்டது என்று பொருள். தூக்கிப் போடுங்கள்.

சாப்பிட்டுவிட்டால்

உடம்புக்கு ஏதாவது செய்யட்டும், அப்புறம் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலேயே தேசிய நச்சு மையம் இருக்கிறது, 1994 முதல் இயங்குகிறது. வேலை நாட்களில் 1-800-88-8099 எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு, நிற்காத வாந்தி என்றால் 999 அவசர எண்ணை அழையுங்கள். நச்சு மையம் திறந்திருக்காத நேரங்களில் பக்கத்தில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

வாந்தி எடுக்கவைக்க விரலை விடாதீர்கள். உப்புத் தண்ணீர், பால், எண்ணெய், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். மிச்சமுள்ள பச்சைக் காளானைக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் சீக்கிரம் அழுகிவிடும். சமைத்த மிச்சத்தையும் தனியாகக் கொண்டுபோங்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்றால் குப்பைத்தொட்டியில் போட்ட தண்டையும் தோலையும் தேடி எடுங்கள்.

மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது சாப்பிட்ட நேரமும் உடம்பு படுத்தத் தொடங்கிய நேரமும். சாப்பிட்டு ஓரிரு மணி நேரத்தில் வாந்தி வந்தால் பெரும்பாலும் வயிற்றைக் கெடுக்கும் வகை. வியர்வையும் எச்சிலும் கண்ணீரும் கொட்டினால் அது வேறு வகை நச்சு, அதற்கு மாற்று மருந்து உண்டு. 6 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்தி பேதிதான் மிகவும் பயப்பட வேண்டியது, ஏனென்றால் அமடாக்சின் அப்படித்தான் வரும். ஆனால் சீக்கிரம் வாந்தி வந்ததால் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது. ஒரே சட்டியில் இரண்டு மூன்று வகை கலந்திருந்தால் முதல் காளான் இரண்டாவதை மறைத்துவிடும்.

அமடாக்சின் விஷத்தில் இடையில் ஒரு நாள் உடம்பு தேறியதுபோல இருக்கும். பேதி நின்றுவிடும், பசிக்கும், நோயாளி வீட்டுக்குப் போகிறேன் என்பார். அந்த நேரத்தில் ஈரல் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கும். 2 முதல் 4 நாட்களுக்குள் மஞ்சள் காமாலையும் இரத்தக்கசிவும் தெரியத் தொடங்கும்போது சிலருக்கு ஈரல் மாற்று சிகிச்சையைத் தவிர வழி இருக்காது. அதனால் தேறிவிட்டதுபோலத் தோன்றினாலும் மருத்துவர் சொல்லும்வரை அங்கேயே இருங்கள். ஈரல் பரிசோதனையை அடுத்தடுத்த நாட்களில் திரும்ப எடுக்கச் சொன்னால் கட்டாயம் எடுங்கள். அந்தச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி சாப்பிட்டவர்கூட, ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னாலும், கூடவே போக வேண்டும். வீட்டில் குழந்தை சாப்பிட்டிருந்தால் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.